தெரிவதும் பார்ப்பதும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கைக்குழந்தைகளோடு பின் வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பிள்ளைகள் அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம். அழட்டும். இந்தப் பேச்சே அவர்களைப் பற்றியதுதான்.

பார்வைக் குறையுள்ள குழந்தைகளுக்குத் தரும் பயிற்சியைப் பெற்றோர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். சிறப்பாசிரியையாக மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய் வந்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால், பெற்றோருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இன்று அப்படிப் பேச என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு வயதுப் பையனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கையில் படிவத்தை வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குக் கண்ணு தெரியுதாம்மா?" என்று கேட்டேன். "தெரியுது டீச்சர். ஆனா பாக்க மாட்டேங்கிறான்" என்றாள். தெரியும் என்றால் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் தெரியவில்லை என்றுதானே பொருள்? 'தாய்க்கு விவரம் சொல்லத் தெரியவில்லை' என்று படிவத்தில் எழுதினேன். அந்த வரியை எழுதியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் சொன்னதைவிடத் துல்லியமாக அந்தப் பிள்ளையின் குறையை எந்த அறிக்கையும் சொல்லவில்லை. அது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

தமிழில் இவை இரண்டு வேறு வினைகள். 'எனக்குத் தெரிகிறது' என்னும்போது நான் எழுவாய் இல்லை. நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். எதிரே இருக்கும் பொருள்தான் எழுவாய். அது தானாக வந்து கண்ணில் படுகிறது. 'நான் பார்க்கிறேன்' என்னும்போது கழுத்தைத் திருப்புகிறேன், கண்ணை ஓரிடத்தில் நிறுத்துகிறேன், இது என்ன என்று தேடுகிறேன். தெரிவது நிகழ்வது, பார்ப்பது செய்வது. மருத்துவமனையில் பெரும்பாலும் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். பயிற்சி என்பது பார்க்கப் பழக்குவது. இந்த வேறுபாட்டை அந்தத் தாய் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவள் பேசும் மொழியிலேயே அது இருந்தது.

அந்தப் பையனுக்கு இருந்ததை மருத்துவர்கள் சி.வி.ஐ. என்கிறார்கள், மூளைவழிப் பார்வைக் குறைபாடு எனலாம். கண் கேமரா மாதிரிதான். அது பிடிக்கும் படத்தை அடையாளம் காண்பது பின்மண்டையில் உள்ள மூளைப் பகுதி. பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறிய பிள்ளை, முதல் சில நாளில் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிப்போன பிள்ளை, மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளை, நாள் நிறையாமல் பிறந்த பிள்ளை: இவர்களில் சிலருக்கு அந்தப் பகுதியோ அதற்குப் போகும் பாதையோ பழுதுபடுகிறது. கண் பளிச்சென்று இருக்கும். பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்காது.

இந்தக் குறையின் குணங்கள் விசித்திரமானவை. காலையில் பார்க்கும் பிள்ளை மாலையில் பார்க்காது. வீட்டில் கிண்ணத்தைத் தாவி எடுக்கும். அத்தை வீட்டில் அதே கிண்ணம் இருப்பதே தெரியாததுபோல் இருக்கும். சிவப்பையும் மஞ்சளையும் தேடும். பொருளைப் பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டும். "ஃபேன் ஓடுனா பாத்துக்கிட்டே இருக்கான், நிறுத்துனா பாக்குறதில்லை" என்று எத்தனையோ தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பின்மண்டையில் காயம்பட்ட சிப்பாய்களைச் சோதித்த ஜார்ஜ் ரிடாக் என்ற மருத்துவர் 1917இல் இதையேதான் எழுதினார்: அசையாமல் இருந்தபோது அவர்கள் காணாத பொருளை, அசைந்தபோது கண்டுகொண்டார்கள். நம் ஊர்த் திண்ணைகளில் தாய்மார் கண்டதும், போர்க்கால மருத்துவமனையில் ஒரு மருத்துவர் கண்டதும் ஒன்றுதான். பின்னாளில் கிளாஸ்கோ நகரின் கண் மருத்துவர் கார்டன் டட்டன், பெற்றோரிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்டே இக்குறையை அறியும் முறையை வளர்த்தார். படியிறங்கத் தயங்குகிறானா, கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிக்கிறானா, பொம்மைக் குவியலில் ஒன்றைத் தேடி எடுக்கிறானா என்பன போன்ற கேள்விகள். விடை பெற்றோரிடம்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

அப்படியானால் பயிற்சியைப் பெற்றோர் ஏன் தொடர்வதில்லை? ஏன் மூன்றாம் முறை வருவதில்லை? இதற்கு மதுரையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளோடு ஒரு வீட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1960களிலேயே, அரசு மருத்துவராக ஊர் ஊராகப் போய்க் கண் முகாம்கள் நடத்தியவர் அவர். மருத்துவமனை வந்தபின் இந்தச் சீமையில் முகாம் வண்டி போகாத ஊர் இல்லை. நான் போகும் வீடுகளில் அப்பத்தாவோ அம்மாச்சியோ ஒருவராவது புரை எடுத்தவராக இருப்பார். வண்டி வந்தது, கூட்டிப் போனார்கள், கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள், பேரன் முகம் தெரிந்தது. கண் வைத்தியம் என்றால் என்ன என்று இந்த மண்ணில் ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது அப்படித்தான். கண்ணை மருத்துவரிடம் ஒப்படைக்கிறோம், அவர் ஏதோ செய்கிறார், ஒரு நாள் கட்டு பிரிகிறது, பார்வை வருகிறது. இந்த நம்பிக்கை மூடநம்பிக்கை இல்லை. லட்சக்கணக்கான கண்களில் மெய்யான நம்பிக்கை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் ஒரு டார்ச் லைட்டும் கறுப்புத் துணியும் சிவப்புப் பந்தும் கொண்டு போகிறேன். "இதை வெச்சு என்னம்மா செய்வே?" என்று அப்பத்தா கேட்பார். தெரபி என்று சொல்வோம். இந்தச் சொல்லை அவர்கள் கேள்விப்படாமல் இல்லை. கால் வராத பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் 'கரண்ட்' வைத்ததும் தெரபிதான். அதனால், "எத்தனை தடவை வரணும் டீச்சர்? பத்துத் தடவை வந்தா முடிஞ்சிருமா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். இங்கே அறுப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை, கட்டுப் பிரிக்கும் நாளும் இல்லை. செய்பவர் மருத்துவரும் இல்லை, தாய்தான். "டாக்டரால ஆகாததை நான் என்ன செஞ்சிரப் போறேன்?" என்று ஒரு தாய் கேட்டாள். அது அறியாமையில் பிறந்த கேள்வி இல்லை. வைத்தியம் என்பதைப் பற்றி அவள் வாழ்க்கை அவளுக்குச் சொல்லித் தந்த எல்லாவற்றோடும் பொருந்தும் கேள்வி.

அந்தத் தாய்க்கு நான் டாக்டர் வெங்கடசாமியின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். மதுரையில் பலருக்கு அவர் படம் தெரியும்; விரல்கள் தெரியாது. முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர். கை விரல்கள் வளைந்து கோணிப்போயின. எடுத்திருந்த மருத்துவப் பாதையை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். அந்த வளைந்த விரல்களால் கத்தி பிடிக்க நாள்தோறும் பழகினார். தன் கைக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அந்த விரல்களாலேயே செய்தார். விரல்கள் கடைசிவரை நிமிரவில்லை. 2006இல் அவர் காலமானபோதும் அவை வளைந்தே இருந்தன. தெரபி என்றால் இதுதான் என்றேன். விரலை நிமிர்த்துவது அல்ல. வளைந்த விரலோடு வேலை செய்யப் பழகுவது. அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவனுக்குக் கண்ணு முழுசா வராதா?" என்று கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம், இருப்பதை வைத்துப் பார்க்கப் பழகுவான் என்றேன். அன்று அவள் அழுதாள். ஆனால் மறு வாரம் பயிற்சியைச் செய்திருந்தாள்.

அழ வைக்கக் கூடாது என்றுதான் நம்மில் பலர் உண்மையைச் சொல்வதில்லை. 'பயிற்சி செய்யுங்க, சரியாயிடும்' என்று அனுப்பிவிடுகிறோம். ஆறு மாதத்தில் சரியாகவில்லை. தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள், அல்லது நம்மை நம்புவதை நிறுத்திவிடுகிறாள்.

இன்னொரு சொல் உண்டு. அது செய்யும் கேடு பெரிது. மருத்துவர் சோதித்துவிட்டு, "கண்ணு நல்லா இருக்கு, மூளையிலதான் பிரச்சினை" என்கிறார். மருத்துவப்படி அது சரியான வாக்கியம். கேட்கும் குடும்பம் அதை இரண்டு துண்டாகக் கேட்கிறது. தகப்பன் முதல் பாதியைக் கேட்டு, கண் நன்றாக இருக்கிறதாம், ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குப் போகிறான். மாமியார் இரண்டாம் பாதியைக் கேட்டு, மூளை சரியில்லாத பிள்ளை என்று ஊருக்குச் சொல்கிறாள். ஒரே வாக்கியம் ஒருவருக்குப் பொய்யான நிம்மதியையும் இன்னொருவருக்கு அளவில்லாத பயத்தையும் தந்துவிடுகிறது. நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: "கண்ணு படம் பிடிக்குது. அது என்ன படம்னு கண்டுபிடிக்கிற வேலை இவனுக்கு மெதுவா நடக்குது. நேரம் குடுத்தா, ஒண்ணு ஒண்ணாக் காட்டினா, பழகும்." இதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். நீண்ட வரிசை காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் சொல்ல முடியாவிட்டால், சொல்வதற்கென்றே ஒருவர் பக்கத்து அறையில் இருக்க வேண்டும்.

அறுவை உள்ள இடத்திலும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. பிறவிப் புரையோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள், ஒரு கண்ணில் மட்டும் என்றால் இன்னும் முன்பாகவே, அறுவை செய்வது நல்லது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தொடக்க மாதங்களில் மூடி வைத்துப் பிறகு திறந்தால், அந்தக் கண் பழுதில்லாமல் இருந்தும் மூளை அதைப் பயன்படுத்துவதில்லை என்று காட்டிய ஹியூபெல், வீசல் என்ற ஆய்வாளர்கள் இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பத்தாவின் புரைக்கும் பேரனின் புரைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அப்பத்தாவின் மூளை அறுபது ஆண்டுகள் பார்த்துப் பழகியது. திரையை விலக்கினால் போதும். பேரனின் மூளை இனிமேல்தான் பழக வேண்டும். அறுவை கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பின் தடித்த கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் ஒட்டி மறைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது" என்ற சொல்லில் உள்ள 'முடிஞ்சது' என்பதைத்தான் பெற்றோர் பிடித்துக்கொள்கிறார்கள். அதன்பின் நல்ல கண்ணை ஏன் மறைக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. நல்லதை மறைத்துக் கெட்டதைத் திறந்து வைப்பது எந்த நியாயம்? பிள்ளை ஒட்டைப் பிய்த்தெறிகிறது, அழுகிறது. பேருந்தில் எதிர் சீட்டுக்காரர், "பாப்பாவுக்குக் கண்ணு போச்சாம்மா?" என்று கேட்கிறார். மூன்றாம் நாள் ஒட்டு நின்றுவிடுகிறது. திருமங்கலத்துப் பக்கம் ஒரு தகப்பன் இதற்கு வழி கண்டார். லோடு வண்டி ஓட்டுபவர். மகளுக்கு ஒட்டுப் போடும் நேரத்தில் தன் ஒரு கண்ணிலும் ஒட்டிக்கொண்டு அவளோடு தாயம் விளையாடுவார். "அப்பதான் தெரிஞ்சது டீச்சர், ஒரு கண்ணை மூடிக்கிட்டா எவ்வளவு கஷ்டம்னு" என்றார். அவருக்குப் பயிற்சியின் தத்துவத்தை யாரும் விளக்கவில்லை. மகளின் கஷ்டத்தைத் தானும் பட்டுப் பார்த்தார். விளக்கம் தானாக வந்தது.

வீட்டில் செய்யும் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்குள்ள தாய்மார்களுக்காக. டார்ச் வெளிச்சம் கண்ணுக்குள் போய்ப் பார்வையை எழுப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விளக்கெண்ணெய் விட்டால் கண் குளிரும் என்பதுபோல, வெளிச்சத்தை ஒரு மருந்தாக எண்ணிக் குழந்தையின் கண்ணுக்கு நேரே அடிக்கிறார்கள். செய்யாதீர்கள். வெளிச்சம் பொருளின்மேல் விழ வேண்டும். வலிப்பு வரும் பிள்ளைக்கு மினுக்கும் விளக்கு ஆகவே ஆகாது. இருட்டிய அறை, பின்னால் கறுப்புத் துணி, எதிரே ஒரே ஒரு பொருள். சிவப்புப் பந்து, மஞ்சள் கிண்ணம், பளபளக்கும் எவர்சில்வர் தம்ளர், எதுவானாலும் சரி. மெதுவாக அசைத்துக் காட்டுங்கள். பிறகு காத்திருங்கள். இருபது எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள். டிவியை நிறுத்திவிடுங்கள், இந்தப் பிள்ளைகளில் பலர் கேட்கும்போது பார்ப்பதில்லை. "பாரு பாரு, இங்க பாருடா தங்கம்" என்று நாம் கூப்பிடும் கூப்பாடே அவன் பார்ப்பதைக் கெடுக்கும். கழுத்து நிற்காத பிள்ளையானால் தலைக்கு அணைப்புக் கொடுங்கள். தலையை நிறுத்துவதிலேயே சக்தியெல்லாம் போனால் பார்க்க எதுவும் மிஞ்சாது.

மேலூர்ப் பக்கம் ஒரு தாய், "எல்லாத்தையும் பாக்குறான், என் மொகத்தை மட்டும் பாக்க மாட்டேங்கிறான்" என்று குமுறினாள். அவள் கட்டியிருந்தது சுங்குடிச் சேலை. மதுரைக்கே உரிய சேலை, நமக்கு அழகு. உடம்பெல்லாம் ஆயிரம் புள்ளி. அந்தப் புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே முகத்தைத் தேடி எடுக்க அவனால் முடியவில்லை. தோளில் ஒரு கறுப்புத் துண்டைப் போர்த்தச் சொன்னேன். நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு வைக்கச் சொன்னேன். அவன் அன்றைக்கே பார்த்துவிட்டான் என்று சொன்னால் பொய்யாகும். நான்கு வாரம் ஆயிற்று. பால் கொடுக்குமுன் ஒரு தடவை, தூங்கி எழுந்ததும் ஒரு தடவை என்று அவள் செய்துகொண்டே இருந்தாள். ஒருநாள் அவன் கை பொட்டைத் தொட்டது.

தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது இந்தத் தாய்மாரின் வாழ்க்கை தெரியாத பேச்சு. மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிறவள் விடியுமுன் எழுந்து போய்விடுவாள். மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு வேறு கணக்கு. குளிப்பாட்டும்போது, சோறூட்டும்போது, தொட்டில் ஆட்டும்போது செய்வதுதான் நிலைக்கும். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய அம்மாச்சிகள் என்ன செய்தார்கள்? இருண்ட பின்னணியில் ஒரே ஒரு ஒளிப்பொருளைக் காட்டி, பிள்ளையை நிமிர்ந்து பார்க்க வைத்தார்கள். இப்படிச் சொன்னால் அப்பத்தா சிரிப்பார். சிரித்தபின் துண்டை அவரே எடுத்துப் போர்த்திக்கொள்வார்.

ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தினர் குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறார்கள். இலக்கையும் குடும்பத்தோடு சேர்ந்தே வகுக்கிறார்கள். அவர்கள் வேலையில் நான் கற்றது இதைத்தான். 'பார்வைத் திறனை மேம்படுத்துதல்' என்பது நம் இலக்கு. 'அவங்கப்பா வண்டியில வந்து எறங்குனா இவன் திரும்பிப் பாக்கணும்' என்பது தாயின் இலக்கு. இரண்டாவதை எடுத்துக்கொண்டால் முதலாவதும் நடக்கும்.

காரணம் தேடும் வேதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் பழி தாய்மேல் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், மாசமாக இருக்கும்போது ஏதோ தின்றாள். இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டு போகிறார்கள், போகட்டும். அந்தக் கோயில் வாசலில்தான் அந்தத் தாய் தன்னைப் போன்ற இன்னொரு தாயைச் சந்திக்கிறாள். நேர்த்திக்கடன் பயிற்சிக்கு எதிரி அல்ல. நான் ஒருபோதும் தடுத்ததில்லை. ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்வது நம் கடமை. சொந்தத்தில் கட்டிய குடும்பத்தில் சில விழித்திரை நோய்கள் அதிகம் வரும் என்றால், அதில் தாய்க்கு எவ்வளவு பங்கோ தகப்பனுக்கும் அவ்வளவு பங்கு. கர்ப்பத்தில் ருபெல்லா அம்மை வந்தால் பிள்ளைக்குப் புரை வரக்கூடும் என்று 1941இலேயே ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக் கண்டு சொன்னார். மதுரை அரவிந்தில் டாக்டர் பி. விஜயலட்சுமி போன்றவர்கள் இங்குள்ள குழந்தைகளிடம் அதை ஆராய்ந்தார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டபோது, அந்த ஊசிக்கு எதிராக வாட்ஸப்பில் வந்ததை நம்பிய வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். அந்த ஊசி என்ன செய்யும் என்பதற்கு, அவர்கள் தெருவிலேயே இருந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொன்னபோதுதான் கேட்டார்கள்.

ஒரு காலத்தில் நம் குழந்தைகளின் கண்ணைப் பறித்தது பசி. கீரையும் பாலும் கிடைக்காமல், வைட்டமின் ஏ குறைந்து, மாலைக்கண்ணில் தொடங்கிக் கருவிழி கரைந்து போனது. அதை நாம் பெருமளவு வென்றோம். இன்று பயிற்சிக்கு வருபவர்களில் பலர் உயிர் பிழைக்க வைக்கப்பட்ட பிள்ளைகள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மீண்டவர்கள். குறைமாதப் பிள்ளையின் விழித்திரையை முப்பது நாளுக்குள் ஒரு முறை சோதித்தாக வேண்டும். அந்த நாட்களில்தான் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளையை வெளியே எடுக்காதே என்கிறார்கள். "உசுரு தந்தாங்களே, அது போதாதா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். போதாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் சொன்னேன்.

"தானா வந்துரும், இவங்கப்பனும் லேட்டாத்தான் பாத்தான்" என்று அப்பத்தா சொல்வது எப்போதும் தவறு அல்ல. சில குழந்தைகளுக்குப் பார்வை தாமதமாக, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள், தானாகவே வந்துவிடும். வெறும் தாமதமா, மூளைக் குறையா என்பதை மூன்றாம் மாதத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் பயிற்சியின் பலனை நிறுவுவதும் கடினம். வளர வளரத் தானே முன்னேறும் பிள்ளைகள் பலர் இருக்கும்போது, எவ்வளவு பயிற்சியால் வந்தது, எவ்வளவு தானாக வந்தது என்று பிரித்துக் காட்டும் வலுவான ஆய்வுகள் உலகத்திலேயே குறைவு. இதை ஒளிக்காமல் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. இப்படிச் சொன்னால் பயிற்சியை விட்டுவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் அஞ்சினார்கள். என் அனுபவத்தில் உண்மையைக் கேட்டுவிட்டு விட்டவர்கள் குறைவு. வாக்குக் கொடுத்து ஏமாந்து விட்டவர்கள்தான் அதிகம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் சட்டப்படி நாற்பது விழுக்காடு குறை இருந்தால்தான் பல உரிமைகள். பார்வையின் கூர்மையையும் பரப்பையும் அளந்து அந்த விழுக்காட்டைத் தருகிறார்கள். காலையில் பார்த்து மாலையில் பார்க்காத பிள்ளைக்கு இந்த அளவுகோல் எளிதில் பொருந்துவதில்லை. பிள்ளை தேறினால் அட்டை போய்விடுமோ, உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயந்து பயிற்சிக்குத் தயங்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். கூலியை விட்டுவிட்டு, உட்கார முடியாத நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாட்டுத்தாவணியில் இறங்கி அடுத்த பேருந்துக்கு நிற்கும் தாயை ஒருநாள் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். பிறகு அந்தச் சொல் வாயில் வராது.

பயிற்சி ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும். பார்வைப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்வரை பிரெயிலும் கைக்கோலும் பக்கத்தில் வரக் கூடாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவற்றை எடுத்தால் தோற்றுவிட்டோம் என்று பொருளாம். அப்படிப்பட்ட பெற்றோரை நான் அழகர்கோயில் சாலையில் சுந்தரராஜன்பட்டிக்கு அழைத்துப் போவேன். தாமே பார்வை இழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. வளாகத்தில் பிள்ளைகள் ஓடுவதையும் படிப்பதையும் சண்டை போடுவதையும் பெற்றோர் பார்க்கிறார்கள். ஒரு தகப்பன் அங்கே ஒரு மணி நேரம் மரத்தடியில் நின்றுவிட்டு, "இவன் படிப்பான்ல டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அன்றோடு அவர் பார்வை வருமா என்று கேட்பதை நிறுத்தினார். பயிற்சியை நிறுத்தவில்லை.

மருத்துவர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் நான் கேட்பது ஒன்றே. பெற்றோரிடம் "பிள்ளைக்குக் கண் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு எழுதுகோலை மூடிவிடாதீர்கள். "எதைப் பார்ப்பான்? எப்போது பார்ப்பான்? யார் வந்தால் திரும்புவான்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே படிவத்தில் எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: உங்கள் தெருவில் மூன்று மாதம் நிறைந்த பிள்ளை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், ஒரு வயது ஆகட்டும் என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாயைத் தனியாக அனுப்பாமல் தகப்பனையும் அப்பத்தாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.